மாடித்தோட்டத்துக்கு உயிர் உரப் பாக்கெட் வாங்கலாமா? மூன்றையும் போட்டுப் பார்த்த அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயறு வகை வளர்ப்பவர்கள் ரைசோபியம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், அசோஸ்பைரில்லம் உங்கள் விருப்பம், பாஸ்போபாக்டீரியா தொட்டிச் செடிக்குத் தேவையில்லை. மூன்றுமே செடிக்குச் சத்து சேர்த்துத் தரும் பாக்டீரியாக்கள். அவசரக்காரர்கள் இத்தோடு போய்விடலாம், மற்றவர்களுக்குக் காரணம் கீழே.

பாக்கெட்டைப் பிரித்தால் கொஞ்சம் ஈரமான கருப்புப் பொடி, அவ்வளவுதான். பார்த்தால் காசு கொடுத்து வாங்கிய பொருள் மாதிரியே தெரியாது. பொடி பெரும்பாலும் அரைத்த பழுப்பு நிலக்கரி, அது வெறும் தங்குமிடம், அதில் குடியிருக்கும் பாக்டீரியாதான் சரக்கு. நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு விதிப்படி கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் 200 கிராம் பாக்கெட்டில் 1,000 கோடி, உலக மக்கள்தொகையைவிட அதிகம். வேளாண் விரிவாக்க மையத்தில் வாங்கினால் விலையைப் பற்றிப் பேசவே ஒன்றுமில்லை, தனியார் கடையில் கொஞ்சம் கூடும், ஆன்லைனில் அழகான டப்பாவுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவு மலிவாகக் கிடைப்பதாலேயே பலரும் இதை மதிப்பதில்லை, ஆனால் இது செய்யும் வேலை சாதாரணமானது இல்லை. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதில் ஒரு துளிகூட எடுத்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்புகளால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதைப் பிரித்து அமோனியாவாக்க உரத் தொழிற்சாலைக்கு 400, 500 டிகிரி சூடும், வளிமண்டலத்தைப்போல 150, 200 மடங்கு அழுத்தமும் வேண்டும். ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் அதையே நம் மாடி வெயிலில், சத்தமில்லாமல், நைட்ரோஜினேஸ் என்ற நொதியை வைத்துச் செய்கின்றன. செடிக்கோ, நமக்கோ, ஆடு மாடுக்கோ இந்த வித்தை தெரியாது. 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் பெரிய அமோனியா ஆலை ஓட ஆரம்பிக்கும்வரை, மின்னல் தந்த சில்லறையை ஒதுக்கிவிட்டால், மனிதன் சாப்பிட்ட புரதத்தில் இருந்த நைட்ரஜன் ஏறக்குறைய முழுவதும் எங்கோ ஒரு நுண்ணுயிர் பிடித்துக் கொடுத்ததுதான். இதையெல்லாம் பாக்கெட்டில் போடாமல் 'மகசூல் பெருகும்' என்று மட்டும் அச்சடிக்கிறார்கள்!

சரி, ரைசோபியத்துக்கு வருவோம். இது பயறுச் செடியின் வேரில் முடிச்சு போட்டு, அதற்குள் குடியிருந்து நைட்ரஜன் பிடித்துத் தரும். தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்த புதுக் கலவையில் தட்டைப்பயறு போட்டேன், சில பைகளில் ரைசோபியம் புரட்டிய விதை, சிலவற்றில் சும்மா விதை. செய்முறை சுலபம். ஆறிய வடிகஞ்சியில் பொடியைக் குழைத்து, விதையைப் போட்டு மெதுவாகப் புரட்டி (தோல் உரியக் கூடாது), நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். கை கருப்பாகும், சோப்புப் போட்டால் போய்விடும். பூ விடும் நேரத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செடியைப் பிடுங்கி, பக்கெட் தண்ணீரில் வேரை அலசிப் பார்த்தேன். சும்மா விதைத்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்ன முடிச்சுகள், ரைசோபியம் போட்டதில் மேல்வேரைச் சுற்றி உருண்டை உருண்டையாகக் கொத்தாக இருந்தது. ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே நல்ல இளஞ்சிவப்பு. அதைத்தான் பார்க்க வேண்டும், முடிச்சு எத்தனை என்பதைவிட உள்ளே என்ன நிறம் என்பது முக்கியம். அந்தச் சிவப்பு லெக்ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் ஓடும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரன். நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது, ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், அதனால் அளந்து அளந்து கொடுக்க இந்த ஏற்பாடு. கீறினால் உள்ளே பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஒரு பையில் மட்டும் வேண்டுமென்றே யூரியா கரைசலும் ஊற்றிவந்தேன். இலை கரும்பச்சையாகத் தளதளவென்று வந்தது, வேரில் முடிச்சு மிகக் குறைவு. இது பாக்கெட்டின் குறை இல்லை. பாக்டீரியாவுக்குச் செடி தன் சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்க வேண்டும், தழைச்சத்து (நைட்ரஜன்) சும்மாவே வரும்போது அது ஏன் கூலி கொடுக்கப்போகிறது? ரைசோபியமும் போட்டு யூரியாவும் தாராளமாகப் போடுபவர்கள் ஒன்றை வீணாக்குகிறார்கள்.

அசோஸ்பைரில்லத்தைத் தக்காளிக்கும் மிளகாய்க்கும் போட்டேன், போட்டதற்கும் போடாததற்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. சரக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். இது முடிச்சு போடாது, வேரை ஒட்டி வாழ்ந்து கொஞ்சம் நைட்ரஜனும், வேர் கிளைக்க உதவும் ஹார்மோன்களும் தரும். நெல், சோளம், கம்பு, கரும்பு போன்ற புல்வகைப் பயிர்களுக்குப் பேர்போனது. மண்புழு உரம் ஏற்கெனவே வயிறு நிறையக் கிடைக்கும் தொட்டியில் அதன் உழைப்பு தனியாகத் தெரிவது கஷ்டம்.

பாஸ்போபாக்டீரியா வேலை வேறு. மண்ணில் சுண்ணாம்போடும் இரும்போடும் ஒட்டிக் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்), அமிலம் சுரந்து கரைத்துத் தருவது. வயலில் வருடக்கணக்காக டிஏபி என்ற மணிச்சத்து உரத்தைக் கொட்டியவர்களுக்கு அப்படிப் பூட்டிக் கிடப்பது நிறையவே இருக்கும், அங்கே அர்த்தம் உண்டு. என் தென்னை நார்ப் பையில் கரைக்க என்ன இருக்கிறது?

இனி கடை விஷயம், என் பெரிய குறை இங்கேதான். ஆன்லைனில் வாங்கிய ஒரு பாக்கெட்டில் தயாரிப்புத் தேதியே இல்லை, பொடி முழுக்கக் காய்ந்து கட்டிதட்டிப்போய் வந்தது, கேட்டதற்கு 'ஆர்கானிக் சார், எக்ஸ்பயரி கிடையாது' என்று பதில். ஆர்கானிக்கோ இல்லையோ, உள்ளே இருப்பது உயிர், பால் பாக்கெட் மாதிரி தேதி பார்த்துத்தான் வாங்க வேண்டும். பொடி என்றால் ஆறு மாதம், திரவம் என்றால் ஒரு வருடம், அதுவும் வெயில் படாமல் இருந்தால். பக்கத்து உரக்கடையில் தகரக் கூரைக்குக் கீழே, பூஞ்சாணக்கொல்லி டப்பாக்களோடு இதையும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், மே மாதத்தில் அந்த அலமாரியில் எதுவும் உயிரோடு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மாடித்தோட்டக்காரர்கள் திரவமே வாங்குங்கள், ஒரு மில்லியில் 10 கோடி செல் கணக்கு, அளவாக எடுத்து மூடி வைத்துக்கொள்ளலாம்.

'செத்த மண்ணை உயிர்ப்பிக்கும்' என்று சில பாக்கெட்டுகளில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல தோட்டத்து மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்தாலே கோடிக்கணக்கில் பாக்டீரியா இருக்கும், அவை இல்லாவிட்டால் உதிர்ந்த இலை மட்காது, மட்காவிட்டால் அதிலுள்ள சத்து அடுத்த செடிக்குத் திரும்பி வராது. தலைமுறையாகப் பயறு விளைந்த நிலத்தில் உள்ளூர் ரைசோபியம் ஏற்கெனவே குடியேறியிருக்கும், புதிதாகக் கொட்டுவது அதனோடு போட்டிபோட்டுத் தோற்கவும் வாய்ப்பு உண்டு. அங்கே காசை மக்கிய தொழு உரத்துக்குச் செலவழிப்பதே லாபம். புது நார்க்கழிவுப் பையில் அந்தப் பழைய குடிகள் இல்லாததால்தான் எனக்கு இவ்வளவு வித்தியாசம் தெரிந்தது.

அடுத்த பட்டத்துக்கும் ரைசோபியம் வாங்குவேன், மற்ற இரண்டும் வாங்க மாட்டேன். வாங்கும்போது பயிர் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறுக்கு ஒரே வகை ஒத்துப்போகும், சோயாவுக்கு வேறு. 'எல்லாம் ஒண்ணுதான், எதுக்கு வேணா போடலாம்' என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போய்விடுங்கள்.