படுவான்கரையில் ஒரு தாய் சேய் கிளினிக்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் கிராமத்துத் தாய் சேய் கிளினிக்கில், மகள் கருவில் இருந்த காலந்தொட்டு அவள் ஓடித்திரியும் பருவம் வரை சேவை பெற்றவள் என்ற முறையில் இதனை எழுதுகிறேன். கட்டணம் எதுவுமில்லை.

இச்சேவையின் உயிர்நாடி மருத்துவமாதுதான். மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் கருவின் நரம்புக்குழாய் முதல் 4 வாரங்களுக்குள், பல பெண்கள் தாம் கருவுற்றதை அறியுமுன்னரே மூடிவிடுவதால், அது சரியாக மூட உதவும் போலிக் அமில மாத்திரையைக் கருவுறுவதற்கு முன்பே தொடங்க வேண்டுமென்று வீடு தேடி வந்து சொன்னவர் அவரே. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதை, தண்ணீர் பருக்கச் சொன்ன என் மாமிக்கும் பொறுமையாக விளக்கி இணங்கவைத்தார்.

குழந்தைக்கு வழங்கப்படும் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டைத் தனியாகப் பாராட்ட வேண்டும். 2, 4, 6 ஆம் மாதங்களில் ஐந்து நோய்களுக்கான ஊசி, 18 ஆம் மாதத்தில் மேலதிக ஊசி என்பவற்றோடு, முகம் பார்த்துச் சிரித்தல், பிடியின்றி இருத்தல், முதற்சொல் ஆகியவற்றையும் பெற்றோர் கவனித்துக் குறிக்க அதில் இடமுண்டு. அதில் நிறையைக் குறிக்கும் கோடு மேலே ஏறாமல் தட்டையானவுடன், அது கீழே சரியும்வரை காத்திராமல், மகளின் உணவைப் பற்றி விசாரித்தார்கள்.

காத்திருக்கும் இடம் மட்டும் போதாது. நிறைமாதக் கர்ப்பிணிகள் வெயிலில் நிற்பதை எவ்வகையிலும் ஏற்க முடியாது. கதிரைகளும் நிழற்கூரையும் உடனே தேவை. தனியார் வைத்தியரிடம் காட்டுபவர்களும் இங்கே பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் கவனிப்பு அங்கே கிடைப்பதில்லை.