ராட்டில் என்று போட்டால் போதுமா?

ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும்போது சத்தச் சொற்களிடம் வந்தால் கை நின்றுவிடும். இருமொழி அகராதியில் த்ராக்கெத்தேயோ, மத்ராக்கா, காஸ்கபேல் (கிலுங்கும் சிறுமணி) என்று எதைத் தேடினாலும் லொடலொடப்பு, கிலுகிலுப்பு எல்லாவற்றுக்கும் பொதுவான 'ராட்டில்' (rattle) என்ற ஆங்கிலச் சொல் எங்காவது எட்டிப் பார்க்கும்.

த்ராக்கெத்தேயோவையே எடுத்துக்கொள்வோம். குலுங்கி மோதுவதும், அதில் எழும் லொடலொடப்பும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. 'ரயிலின் த்ராக்கெத்தேயோவில் அவன் கண்ணயர்ந்தான்' என்றொரு வாக்கியம். 'ராட்டில்' போட்டால் கழன்ற ஜன்னல் கண்ணாடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. 'கிளாட்டர்' பாத்திரம் உருளும் சத்தம், தூங்குகிறவனும் எழுந்துவிடுவான். 'ஜோல்ட்' ஆளைத் தூக்கிப்போடும். 'ராக்கிங்' தொட்டிலாட்டம், தூக்கம் வரும், சத்தம் போய்விடும். என் ஓட்டு ராக்கிங்குக்குத்தான். ரயில் என்று சொன்ன பிறகு தடக் தடக்கை வாசகரே போட்டுக்கொள்வார். அதே சொல் கோவேறு கழுதை வண்டிக்கு வந்தால் யோசிக்காமல் ஜோல்ட்.

வினைச்சொல்லாக வரும்போது நிலைமை தலைகீழ். ஸ்பானிஷில் வண்டி 'லொடலொடத்தபடி இறங்கியது' என்பார்கள், நாம் சொல்வதுபோலவே. இறங்குவது முற்றுவினை, சத்தம் துணைக்கு வருவது. ஆங்கிலத்தில் 'ராட்டில்ட் டவுன்' போதும்: சத்தம் வினையில், இறக்கம் 'டவுன்' என்ற சின்னச் சொல்லில். மொழிகளை இப்படிப் பிரித்துக் காட்டியவர் மொழியியலாளர் லெனர்ட் டால்மி. 'வென்ட் டவுன் ராட்லிங்' என்று சொல்லுக்குச் சொல் எழுதினால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். இந்த இடத்தில் ராட்டிலுக்குப் போட்டியே இல்லை.

குளிரில் பல் தந்தியடிப்பதற்குக் காஸ்தன்யெத்தேயார். ஆங்கிலத்தில் 'சாட்டர்', அவ்வளவுதான். ஸ்பானிஷ் சொல்லுக்குள் ஒலிக்கும் காஸ்டனெட், அதாவது கையில் வைத்துத் தட்டும் தாளக் கட்டைகள், தொலைந்துபோகும், வழியில்லை.

மத்ராக்காதான் சிக்கல். ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரத்தில், பெரிய வியாழனுக்குப் பிறகு ஈஸ்டர் திருவிழிப்பு என்ற இரவு வழிபாடு வரை ஆலய மணிகள் ஒலிக்காது. அப்போது மணிக்குப் பதில் கரகரக்கும் மரக்கருவி அது. 'ராட்டில்' தப்பில்லை. ஆனால் ஆங்கிலேயருக்குக் குழந்தையின் கிலுகிலுப்பையோ, பழைய கால்பந்து ரசிகர்கள் சுழற்றிய மரக்கருவியோ கண்முன் வரும். துக்க நாள் காட்சியில் அது வேண்டாம். மத்ராக்கா என்றே விட்டு, மரம் என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுவேன். இதே ஸ்பானிஷில் நச்சரிப்பதையும் 'மத்ராக்கா கொடுப்பது' என்பார்கள். அங்கே சத்தத்தை மறந்து, 'பெஸ்டர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.