49 பகுதிகளும் அடங்கிய 'முழுத் தொகுப்பு' என்று விற்கப்படும் பழைய பிபிசி நாடகப் பெட்டி: வாங்க நினைப்பவர்கள் கவனத்திற்கு

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சி நாடகங்களைத் தேடி வாங்கிப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன். பிபிசி 2 அலைவரிசை 1965 முதல் 1971 வரை ஒளிபரப்பிய 'அவுட் ஆஃப் தி அன்னோன்' என்ற அறிவியல் புனைகதை நாடகத் தொடரின் 49 பகுதிகளும் இருப்பதாகச் சொல்லி, ஓர் இணையக் கடை 89 பவுண்டுக்கு ஒரு டிவிடி பெட்டியை விற்றுவருகிறது. நான் அதை வாங்கி ஏமாந்தேன். அந்த 49 பகுதிகளில் முழுமையாக எஞ்சியிருப்பவை 20 மட்டுமே. மீதியை யாரும் விற்க முடியாது, ஏனென்றால் அவை முழுமையாக யாரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்தப் பெட்டியை நான் என் தாய்மாமாவுக்காக வாங்கினேன். அவர் 1967-இல் கும்பகோணத்திலிருந்து பொறியியல் படிக்க லண்டன் வந்து, டூட்டிங் பகுதியில் ஒரு வீட்டின் மாடி அறையில் வாடகைக்குத் தங்கியிருந்தார். வீட்டுக்கார அம்மையார் வாரத்தில் ஒரு நாள் கீழ்க்கூடத்தில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்க அனுமதிப்பாராம். 1969-இல் அங்கேதான் ஐசக் அசிமோவின் கதையை வைத்து எடுக்கப்பட்ட 'தி நேக்கட் சன்' என்ற பகுதியை மாமா பார்த்திருக்கிறார். ஒருவரையொருவர் நேரில் பார்க்கவே கூசும் மனிதர்கள் வாழும் ஒரு கோளில் கொலை நடக்கிறது. பூமியிலிருந்து வரும் துப்பறிவாளர் ஒரு ரோபோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதை விசாரிக்கிறார். அந்தத் தொடர் அப்போது வண்ணத்தில் ஒளிபரப்பானது என்றாலும், அந்த வீட்டில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டி. "அதை ஒரு தடவை கலர்ல பார்த்துடணும்டா" என்று எண்பதை நெருங்கும் வயதிலும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பகுதி அழிந்துவிட்டது என்பது எனக்கு ஓரளவு தெரியும். தெரிந்தும் ஏன் நம்பினேன் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடைக்காரர்கள் குறிவைப்பது விவரம் தெரியாதவர்களை அல்ல, பாதி தெரிந்தவர்களை.

அறுபதுகளில் பிபிசி தன் நாடகங்களைப் பதிவுசெய்த இரண்டு அங்குல அகல ஒளிநாடாக்கள் விலை மிகுந்தவை. அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தக்கூடியவை. நடிகர் சங்கத்துடன் இருந்த ஒப்பந்தங்கள் ஒரு நாடகத்தை எத்தனை முறை மறுஒளிபரப்பு செய்யலாம் என்பதற்கு வரம்பு விதித்திருந்தன. வீட்டில் வைத்துப் பார்க்கும் வீடியோச் சந்தை என்ற ஒன்று அப்போது பிறக்கவே இல்லை. எனவே ஒளிபரப்பி முடிந்த நாடாவைப் பாதுகாத்து வைப்பதற்கான காரணம் நிர்வாகத்தின் கண்ணுக்குத் தெரியவில்லை. பழையவற்றை முறையாகக் காக்கும் கொள்கை பிபிசியில் 1978 வாக்கில்தான் உருவானது. அதற்குள் 'டாக்டர் ஹூ' தொடரில் மட்டும் 90-க்கும் மேற்பட்ட பகுதிகள் போய்விட்டன. 1953-இல் நேரலையாக நடிக்கப்பட்ட 'தி குவாட்டர்மாஸ் எக்ஸ்பெரிமென்ட்' நாடகத்தின் ஆறு பகுதிகளில் முதல் இரண்டுதான் இன்று உள்ளன. ஜூலி கிறிஸ்டி நடித்த 'ஏ ஃபார் ஆன்ட்ரோமிடா'வின் ஏழு பகுதிகளில் முழுமையாகக் கிடைப்பது ஒன்றே ஒன்று. பிபிசிக்குப் போட்டியான தனியார் தொலைக்காட்சி ஐடிவியும் இதற்கு விலக்கல்ல: 1961-இல் வந்த 'தி அவெஞ்சர்ஸ்' முதல் வரிசையின் 26 பகுதிகளில் முழுதாக இருப்பவை மூன்று.

இத்தனைக்கும் நடுவில் நம்பிக்கைக்கு இடமில்லாமலும் இல்லை. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காகப் பதினாறு மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்ட பிரதிகள் எங்கெங்கோ தங்கிவிட்டன. 2010-இல் அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் நாடகப் பதிவுகள் கண்டெடுக்கப்பட்டன. 2013-இல் நைஜீரியாவிலிருந்து 'டாக்டர் ஹூ'வின் தொலைந்துபோன ஒன்பது பகுதிகள் திரும்பி வந்ததாக அறிவித்தார்கள். இந்தச் செய்திகளை ஆண்டுக்கணக்காகப் படித்து வந்த எனக்கு, கடையின் விளம்பரத்தில் 'தனியார் சேகரிப்பாளர் ஒருவரிடமிருந்து அண்மையில் கிடைத்த அரிய பிரதிகள்' என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது. கடந்த நவம்பரில் பணம் கட்டினேன்.

பெட்டி பத்து நாளில் வந்தது. மேலட்டை பார்வைக்கு ஒழுங்காகவே இருந்தது. பெட்டி முழுவதும் மெல்லிய பிளாஸ்டிக் உறையால் இறுக்கமாக மூடப்பட்டிருந்தது. அந்த உறை எதற்காக என்பது பிறகுதான் விளங்கியது. உள்ளே பதின்மூன்று வட்டுகள். ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்ததும் மனம் துணுக்குற்றது. தொழிற்சாலையில் அச்சான டிவிடியின் அடிப்புறம் வெள்ளி நிறமாக இருக்கும். இவற்றின் அடிப்புறம் கத்திரிப்பூ நிறத்தில், வெளிச்சத்தில் சாய்த்தால் நடுவிலிருந்து முக்கால் பங்கு வரை ஒரு நிறமும் விளிம்பில் வேறொரு நிறமுமாக இருந்தது. வீட்டுக் கணினியில் எழுதப்பட்ட வட்டின் அடையாளம் அது. நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் அச்சகத்தின் குறியீடு எதுவும் இல்லை. மேலட்டையில் பிரிட்டிஷ் திரைப்படத் தணிக்கை வாரியத்தின் வயதுக் குறியும் இல்லை.

அப்படியிருந்தும், மாமா வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்ட பிறகு போட்டுப் பார்க்காமல் இருக்க மனம் வரவில்லை. பட்டியலில் 'தி நேக்கட் சன்' என்ற பெயர் இருந்தது. அழுத்தினேன். இன்றைய கணினி எழுத்துருவில் அந்தப் பெயர் ஐந்து நொடி திரையில் நின்றது. உடனே, தொடக்க இசையும் தலைப்பும் இல்லாமல், ஒரு காட்சியின் நடுவிலிருந்து கறுப்பு வெள்ளையில் படம் ஓடத் தொடங்கியது. வயதான வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் கார்த்தேஜ் நகரத்தைப் பற்றி ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தார். மாமா மூன்று நிமிடம் பொறுமையாகப் பார்த்தார். பிறகு, "டேய், இது அந்தக் கதை இல்ல. இதுல ரோபோவே வரலையே" என்றார். அவர் சொன்னது சரி. அது அதே அசிமோவின் வேறொரு கதையிலிருந்து எடுக்கப்பட்ட, 1965-இல் ஒளிபரப்பான 'தி டெட் பாஸ்ட்' என்ற பகுதி. எஞ்சியிருக்கும் இருபதில் அதுவும் ஒன்று. அதே பெட்டியின் முதல் வட்டிலேயே அதன் சொந்தப் பெயரிலும் இருந்தது.

அடுத்த இரண்டு நாட்கள் பதின்மூன்று வட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து வைத்தேன். மூன்று வட்டுகள் பாதியில் உறைந்து நின்றன. அழிந்துபோன பகுதிகளின் பெயரில், தலைப்பை மட்டும் மாற்றி, இருக்கும் பகுதிகளையே மறுபடியும் சேர்த்திருந்தார்கள். சிலவற்றில் அசையாப் புகைப்படங்களின் மேல் யாரோ கதைச் சுருக்கம் வாசித்தார்கள். உண்மையில் இருந்த இருபதும் 2014-இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஏழு டிவிடிகளாக முறைப்படி வெளியிட்ட தொகுப்பிலிருந்து நகலெடுக்கப்பட்டவை என்றே நான் நினைக்கிறேன். ஐரீன் ஷூபிக் தயாரித்த முதல் வரிசைகளின் நாடகங்கள் அந்தத் தொகுப்பில் எவ்வளவு கவனமாகச் சீர்செய்யப்பட்டிருக்கின்றன என்பதை அறிந்தவன் என்பதால், அவற்றை இப்படி மங்கலாக, ஓரம் வெட்டுப்பட்டுப் பார்ப்பது எனக்கு வேதனையாக இருந்தது.

கடைக்கு எழுதினேன். உறையைப் பிரித்துவிட்டதால் திரும்ப வாங்க முடியாது என்று பதில் வந்தது. இங்கேதான் பலரும் பின்வாங்கிவிடுகிறார்கள். பிரிட்டனில் இணையத்தில் வாங்கிய பொருளை, பெற்ற 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பும் உரிமை 2013-ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளில் உண்டு. முத்திரையிட்ட ஒலி, ஒளிப்பதிவுகளின் உறையைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும் என்பதும் உண்மை. அந்த பிளாஸ்டிக் உறை அதற்காகத்தான். ஆனால் அந்த விதி மனம் மாறித் திருப்புவதைப் பற்றியது மட்டுமே. விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருந்தாத பொருளைத் தந்தால், 2015-ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாட்களுக்குள் அதை நிராகரித்து முழுப் பணத்தையும் கேட்கலாம். உறை பிரிந்ததா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழாது. இதைச் சுட்டிக்காட்டி எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

விலை 89 பவுண்டு என்பதும் தற்செயலாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளைக் கடன் அட்டையில் வாங்கியிருந்தால், 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் 75-ஆம் பிரிவின்கீழ் வங்கியே கடைக்காரருக்கு இணையாகப் பொறுப்பேற்க வேண்டும். நான் பற்று அட்டையில் கட்டியிருந்தேன். ஆகவே, கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து மீட்டுத் தரும்படி வங்கியைக் கேட்கும் 'சார்ஜ்பேக்' என்ற வழி மட்டுமே இருந்தது. எந்த வட்டில், எந்தப் பெயரில், உண்மையில் என்ன இருந்தது என்ற என் குறிப்பையும், வட்டுகளின் அடிப்புறப் புகைப்படங்களையும், விளம்பரப் பக்கத்தின் படத்தையும் வங்கிக்கு அனுப்பினேன். நல்லவேளையாக வாங்கிய அன்றே அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்தேன். ஏழு வாரத்தில் பணம் திரும்பியது. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவுசெய்திருக்கிறேன். வணிகத் தரக் கண்காணிப்புத் துறைக்கு அவர்கள் வழியாகத்தான் செய்தி போகும்.

இத்தகைய கடைகள் பெருகுவதற்குக் காரணம் இருக்கிறது. ஐடிவியின் பழைய நாடகங்களை ஆண்டுக்கணக்காக டிவிடியில் கொண்டுவந்த நெட்வொர்க் நிறுவனம் 2023-இல் மூடப்பட்டது. அது வெளியிட்ட பல தலைப்புகள் இன்று பழைய சரக்காக மட்டுமே கிடைக்கின்றன. பிரிட்டிஷ் நாடகங்களை இணையவழியில் காட்டிவந்த பிரிட்பாக்ஸ் சேவை பிரிட்டனில் 2024-இல் ஐடிவியின் இணையச் சேவையான ஐடிவிஎக்ஸில் கலந்துவிட்டது. நடிகர்கள், எழுத்தாளர்களின் வாரிசுகள், இசை உரிமையாளர்கள் என்று பலரிடமும் அனுமதி பெற்றாக வேண்டியிருப்பதால், ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு ஆசிரியரின் கதையாக அமைந்த இதுபோன்ற தொடர்களை மறுபடியும் வெளியிடுவது எளிதல்ல.

ஆகவே, வாங்குவதற்கு முன் அந்தத் தொடரில் எத்தனை பகுதிகள் எஞ்சியுள்ளன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். விளம்பரத்தில் உள்ள எண் அதைவிடக் கூடுதலாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொலைந்த நாடகம் ஒன்று உண்மையிலேயே கிடைத்தால், அது இங்கே நாளேடுகளில் வரும் செய்தி. பெயர் தெரியாத கடையின் விளம்பரத்தில் முதன்முதலாக வெளிவராது. வட்டின் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேளுங்கள். நேர்மையான பழைய டிவிடி வணிகர்கள் இதற்குத் தயங்குவதில்லை. நான் அண்மையில் கேட்ட இருவர் அன்று மாலையே அனுப்பினார்கள். வங்கிக் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.

மாமாவுக்கு 2014-ஆம் ஆண்டின் அசல் தொகுப்பைப் பழைய பிரதியாக வாங்கிக் கொடுத்துவிட்டேன். அதில் 'தி நேக்கட் சன்' முழு நாடகமாகக் கிடைக்காது என்பதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று இரவு அந்தக் கடை பெயரை மாற்றிக்கொண்டு, அதே புகைப்படத்துடன், அதே 89 பவுண்டுக்கு விற்பதைப் பார்த்தேன். 49 பகுதிகள் என்றே இப்போதும் போட்டிருக்கிறார்கள்.