மண்டபம் பக்கம் மிதவைத் தொட்டிக்குப் பணம் கட்டுவோர் கவனத்திற்கு

மண்டபம் பக்கம் கடலோர விடுதி ஒன்றில், இருட்டில் உப்புத் தண்ணீரில் மல்லாந்து மிதந்தால் மன இறுக்கம் தீரும் என்று விளம்பரம் செய்த மிதவைத் தொட்டிக்கு என் அக்காளுக்கும் அத்தானுக்கும் முன்பணம் கட்டினோம். ராமேஸ்வரம் வருவோரைக் குறிவைத்தே இவ்விளம்பரம் செய்யப்படுவதால் நடந்ததை எழுதுகிறேன்.

இத்தொட்டியில் தண்ணீர் ஒரு சாணுக்குச் சற்று மேல், அதாவது 25 முதல் 30 செ.மீ. ஆழமே இருக்கும். அதில் நூற்றுக்கணக்கான கிலோ மெக்னீசியம் சல்பேட், கடைகளில் பேதி உப்பு என்று விற்பதுதான், கரைந்திருப்பதால் உடல் தானாக மிதக்கிறது. அவ்வளவு உப்பை ஒவ்வொருவருக்கும் புதிதாகக் கரைப்பது கட்டுப்படியாகாது என்பதால், ஒருவர் கிடந்த தண்ணீரில்தான் அடுத்தவரும் கிடப்பார்; இடையில் முழுத் தண்ணீரும் வடிகட்டி வழியாகப் பலமுறை சுற்றி, புற ஊதா விளக்கு போன்ற முறையில் கிருமி நீக்கப்பட வேண்டும்.

முதலில் அக்காள் இறங்கினார். கண்ணில் உப்புத் தண்ணீர் தெறித்து எரிந்தபோது, கழுவ நல்ல தண்ணீரோ துடைக்கத் துண்டோ கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அழைப்பு மணியும் இல்லை. இருட்டில் தட்டுத் தடுமாறி வெளியே வந்தவர், தரையில் வழிந்திருந்த உப்பு நீரில் வழுக்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். பிறகு தொட்டியின் பின்புறம் பார்த்தோம். தண்ணீரைச் சுற்றவிடும் பம்புக் குழாயின் வால்வு திருகமுடியாதபடி உப்புப் பூத்து இறுகியிருந்தது, அதன் மேல் தூசி. தண்ணீரிலோ யாருடையதோ நீளமான முடி.

"இம்புட்டு உப்புல எந்தக் கிருமி சார் பிழைக்கும்?" என்றார் பணியாளர். உப்பு பல கிருமிகளைத் தடுக்கும், எல்லாவற்றையும் கொல்லாது.

இதைவிட எனக்குக் கோபம் மூட்டியது வேறொன்று. அத்தானுக்கு வலிப்பு உண்டு. தனியே, இருட்டில், தண்ணீரில் மல்லாந்து கிடக்கப்போகிற ஒருவரிடம் வலிப்பு உண்டா, சிறுநீரகக் கோளாறு உண்டா, ஆறாத புண் இருக்கிறதா, மது அருந்தியிருக்கிறாரா என்று கேட்பதும், இருந்தால் திருப்பி அனுப்புவதும் இத்தொழிலின் அரிச்சுவடி. எங்களிடம் கேட்டது கைப்பேசி எண்ணை மட்டுமே.

அத்தான் இறங்கவில்லை, அவருடைய பணத்தையும் தரமாட்டோம் என்றார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். தீராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அதற்கு 2 ஆண்டு அவகாசம் உண்டு. எங்கள் ரசீதில் வெறுமனே "சேவைக் கட்டணம்" என்று எழுதியிருக்கிறார்கள். பணம் கட்டுவோர் "மிதவைத் தொட்டி" என்று தெளிவாக எழுதச் சொல்லி வாங்கிக்கொள்ளவும்.