மகளுக்கு வாங்கிய 8×42 பைனாகுலர்: மூன்று வருடத்துக்குப் பிறகு

இதற்கு முன் ஒன்று வாங்கி ஏமாந்தோம். மலேசியாவில் எங்கள் பக்கம் சுங்கை சிப்புட் பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) 25 வெள்ளி, அதாவது ரிங்கிட். பெட்டியில் இருபது மடங்கு பெரிதாகத் தெரியும் என்று போட்டிருந்தது. மகள் அதை வைத்து மாமரத்தைப் பார்த்தாள். மரம் ஆடுகிறதா, கை ஆடுகிறதா என்றே தெரியவில்லை. மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே அளவு கூடும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

2022 பிப்ரவரியில் ஈப்போவில் ஒரு கேமராக் கடையில் இந்த 8×42-ஐ 380 வெள்ளிக்கு வாங்கினோம். 8 என்பது மடங்கு. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் வரும் ஐந்தே கால் மில்லிமீட்டர்தான் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம். அது பெரிதாக இருந்தால் பொழுது சாய்ந்த பிறகும் ஓரளவு பார்க்கலாம். வாங்கும்போது இந்தக் கணக்கு யாரும் சொல்லவில்லை, பிறகு நாங்களே தெரிந்துகொண்டது.

எங்கள் வீடு தாமானின் (குடியிருப்பின்) கடைசி வரிசை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் பழைய பால்மரக் (ரப்பர் மரக்) காடு, அதையும் தாண்டினால் செம்பனை (எண்ணெய்ப் பனை). வாங்கிய மாதமும் தோதாக அமைந்தது. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை கொட்டி மொட்டையாக நிற்கும், எதற்கும் ஒளிய இடம் இருக்காது. முதல் வாரமே ஒரு மரப்பட்டை தன் கழுத்துக்குக் கீழே மஞ்சள் கொடி ஒன்றை நீட்டி மடக்குவதைப் பார்த்து மகள் கத்தினாள். பட்டை இல்லை, பறக்கும் ஓணான். அடுத்த நிமிடம் விலாவில் இருக்கும் சவ்வை விரித்து பக்கத்து மரத்துக்கு வழுக்கிப் போனது. முப்பது வருடம் பால் வெட்டிய என் அம்மா, "நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல" என்றார். உண்மைதான், நானும் நம்பவில்லை.

ஆனால் நாங்கள் அதிகம் பார்த்தது தூரத்தில் இல்லை. வாங்கும்போது நான் கண்டுகொள்ளாத ஓர் எண் இரண்டு மீட்டர். அதாவது இரண்டு மீட்டர் அருகில் இருப்பதைக்கூட இது தெளிவாகக் காட்டும். வீட்டுத் தோட்டத்துக்கு எட்டு மடங்கைவிட இதுதான் முக்கியம் என்பேன். எங்கள் கறிவேப்பிலை மரத்தில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. மகள் அதைத் தினமும் பார்த்துக்கொண்டே இருந்தாள். எச்சம் நடந்தது, இலை தின்றது, ஒரு நாள் பச்சைப் புழுவாக நின்றது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னால் சிவப்புக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். அந்த மாதம் ரசத்துக்குத் தாளிக்க இலை இல்லை, கடையில் வாங்கினேன். மரத்தை மொட்டையடித்துவிட்டு வெளியே வந்தது, பின்சிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி. பைனாகுலரைத் திருப்பிப் பிடித்து, கண் வைக்கும் பக்கத்தைப் புழுவுக்கு ஓரிரு அங்குலம் கிட்டே கொண்டுபோய், முன்கண்ணாடி வழியாகப் பார்த்தால் பூதக்கண்ணாடி ஆகிவிடும். முட்டையைக்கூட அப்படித்தான் பார்த்தாள்.

இதனால் ஒரு சண்டையும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் வேலியோரம் வந்து, "என்னா இது, உங்க பொண்ணு எங்க அடுப்படியையே பாத்துக்கிட்டு நிக்குது?" என்றார். குறை சொல்ல முடியாது, யாராக இருந்தாலும் கேட்பார்கள்தான். அவர் துணி காயப்போடும் கம்பியில் தேன்சிட்டு கூடு கட்டிக்கொண்டிருந்தது. நாரும் பஞ்சும் சிலந்தி வலையும் சேர்த்துப் பின்னிய பை. மகள் பைனாகுலரை அவர் கையில் கொடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவர், "அடடா, பொம்பளதான்லா கட்டுது. ஆம்பள பாடிக்கிட்டுத் திரியுது" என்றார். அப்புறம் குஞ்சுகள் பறக்கும் வரை அந்தக் கம்பியில் அவர் துணி போடவில்லை.

நான்கு பருவம் எல்லாம் நமக்கு இல்லை. மழை, வெயில், பழம், பால்மரக் கொட்டை வெடிக்கும் காலம், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மகளின் நோட்டுப்புத்தகத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. செப்டம்பர் கடைசியில் பழுப்புக் கீச்சான் வரும், ஏப்ரலில் காணாமல் போகும். வடக்கே சீனா, சைபீரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே தங்க வரும் பறவை. மூன்று வருடமும் எங்கள் வேலியின் அதே மூங்கில் கழியில் உட்கார்ந்தது. அதே பறவைதான் என்பது மகளின் கட்சி. நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கூகை விஷயத்தில் அம்மாவுக்கும் அவளுக்கும் இன்னும் தீரவில்லை. எலியைக் கட்டுப்படுத்த செம்பனைத் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டிக்கூடு வைப்பார்கள். பொழுது சாயும்போது அதன் வெள்ளை முகம் இதில் நன்றாகத் தெரியும். "சாக்குருவிய வீட்டுக்கு நேரா பாக்காதடி" என்பார் அம்மா. "பாட்டி, அது எலி புடிக்கப் போகுது, உங்களப் புடிக்க இல்ல" என்பாள் இவள்.

இனி குறைகள். நடு மடிப்பை முழுக்க மடக்கினாலும் கண்களுக்கிடையிலான தூரம் 56 மில்லிமீட்டருக்குக் கீழே வராது. பதினொரு வயதில் மகளின் முகத்துக்கு அது பொருந்தவில்லை. முதல் ஆறு மாதம் "கறுப்பா மறைக்குதும்மா" என்று ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தாள். எடையும் 700 கிராம் பக்கம், கழுத்து வலிக்கும். கூட வந்த மெல்லிய வாரைத் தூக்கிப் போட்டுவிட்டு அகலமான துணி வார் மாட்டினோம்.

பெரிய அடி இரண்டாவது மழைக்காலத்தில் விழுந்தது. நவம்பரில் பரீட்சை என்று அதன் பையிலேயே வைத்து அலமாரியில் பூட்டிவிட்டேன். எடுத்தபோது கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை. ஈரம் புகாது, உள்ளே நைட்ரஜன் அடைத்தது என்று பெட்டியிலேயே அச்சடித்திருந்தார்கள். கடையிலோ, உத்தரவாதத்தில் பூஞ்சை சேராது என்று கைவிரித்தார்கள். பிரித்துத் துடைக்க 140 வெள்ளி. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தப்பு என்னுடையதுதான். இப்போது அந்தப் பை பக்கமே போவதில்லை. காற்றுப் புகாத பிஸ்கட் டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். ஜெல்லின் நீலம் வெளுத்து ரோஸ் ஆனால் மாற்றிவிட வேண்டும். கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைக்காதீர்கள், முதலில் தூசியை ஊதிவிடுங்கள். சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, இதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது வருடம் மேல்ரப்பர் பிசுபிசுக்கத் தொடங்கியது. ரப்பர் ஊரில் ரப்பரே கைவிட்டது. முகப்பவுடர் தடவிச் சமாளிக்கிறோம்.

மறுபடி வாங்கினால் 8×32 வாங்குவேன். எடை குறைவு, சின்ன முகத்துக்குத் தோது. அந்தியில் வெளிச்சம் கொஞ்சம் குறையும், அதனால் கூகைக்கு இதுதான் வேண்டும் என்று மகள் விட மறுக்கிறாள். இப்போது இடைநிலைப் பள்ளியில் படிவம் இரண்டு, இரு கண்ணாலும் பார்க்கிறாள். கறிவேப்பிலை மறுபடி மொட்டை. இந்த முறை இரண்டாவது கன்று ஒன்றை வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கென்று தனியாக நட்டிருக்கிறேன்.