நம்பகப் பயணி விண்ணப்பம் நிலுவையில் நிற்கிறதா? காத்திருப்பதும் புதுக் கடப்பிதழோடு மீண்டும் விண்ணப்பிப்பதும்

இந்திய உள்துறை அமைச்சின் விரைவுக் குடிநுழைவுத் திட்டம், அதாவது எஃப்.டி.ஐ.–டி.டி.பி. என்று சொல்லப்படும் நம்பகப் பயணி ஏற்பாடு, 2024 ஜூன் 22 அன்று டெல்லி விமான நிலையத்தில் தொடங்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஏழு நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி உள்ளிட்ட மேலும் ஐந்து நிலையங்களுக்கும் அது விரிந்தது. திருச்சி சேர்ந்த பிறகுதான் கோலாலம்பூரில் உள்ள ஓ.சி.ஐ. (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கு இந்தியா தரும் நீண்டகால அனுமதி) அட்டைக்காரர்கள் பலருக்கு இதில் உண்மையான அக்கறை பிறந்தது. நம்மில் பலருடைய சொந்த ஊர் அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டுச் சரிபார்ப்பு முடியாமல் நிற்பவர்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பொறுமையாகக் காத்திருப்பது. மற்றொன்று, மலேசியக் கடப்பிதழை முதலில் புதுப்பித்துக்கொண்டு, புதிய எண்ணில் புதிதாக விண்ணப்பிப்பது. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன், பெரும்பாலான மலேசியத் தமிழர்களுக்கும் அதையே சொல்வேன்.

திட்டத்தின் பயனை அதிகம் விளக்கத் தேவையில்லை. மின்வாயிலில் போர்டிங் பாஸையும் கடப்பிதழையும் காட்டி, முக அடையாளம் பொருந்தினால் கதவு திறக்கும். கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வின் ஆட்டோகேட்டில் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. இந்தியக் குடிமக்களுக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கும் கட்டணம் கிடையாது.

காத்திருப்பதன் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பாதுகாப்புச் சரிபார்ப்பு என்பது ஒவ்வொருவருடைய பின்னணியையும் பார்க்கும் வேலை. அதற்கு நேரம் பிடிப்பது இயல்பு. புதிதாக விண்ணப்பித்தால் அந்த வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கோலாலம்பூரில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமக்களுக்குக் காத்திருப்பதே சரி, ஏனென்றால் பெரியவர்களுக்கான இந்தியக் கடப்பிதழ் பத்தாண்டு செல்லும். கடப்பிதழை அண்மையில் எடுத்த மலேசியர்களுக்கும் அதுவே பொருந்தும்.

மற்றவர்களுக்குக் கணக்கு முழுவதும் மாறிவிடுகிறது. இத்திட்டத்தில் பதிவின் ஆயுள் ஐந்தாண்டு, அல்லது கடப்பிதழ் காலாவதியாகும் நாள் வரை. இவற்றில் எது முந்துகிறதோ அதுவே கடைசி நாள். இந்த ஒரு விதிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நம் கடப்பிதழே ஐந்தாண்டுக்குரியது என்பதால், அதை எடுத்த மறுநாளே பதிவு முடிந்தாலொழிய முழு ஐந்தாண்டு நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கடப்பிதழில் இன்னும் ஒன்றரை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் சில மாதம் நிலுவையில் நின்று, ஒப்புதல் வந்து, அடுத்த இந்தியப் பயணத்தில் கைரேகை கொடுத்து முடிப்பதற்குள் ஓராண்டு ஓடிவிடும். கடைசி ஆறு மாதமோ கையில் இருந்தும் பெரிதாக உதவாது. ஆறு மாதச் செல்லுபடி இல்லாத கடப்பிதழோடு வெளிநாட்டுப் பயணம் போக எவரும் துணிவதில்லை, விமான நிறுவனங்களும் அதைக் கேட்கும். ஆக, அத்தனை நாள் காத்திருந்து பெறும் பதிவை ஒரு தீபாவளிக்கோ ஒரு கல்யாணத்துக்கோ பயன்படுத்திவிட்டு, அடுத்த கடப்பிதழுக்காக மறுபடியும் இதே சரிபார்ப்பு, இதே கைரேகை என்று ஆரம்பிக்க வேண்டிவரும்.

முன்கூட்டியே புதுப்பிப்பதால் என்ன இழப்பு என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கான கடப்பிதழுக்கு 200 ரிங்கிட், ஐந்தாண்டுக்கு. ஆண்டுக்கு 40 ரிங்கிட் ஆகிறது. ஒன்றரை ஆண்டை விட்டுக்கொடுத்தால் 60 ரிங்கிட் போகிறது. மூத்த குடிமக்களுக்குக் கட்டணம் பாதி என்பதால் அவர்களுக்கு 30. கோலாலம்பூரின் புடு சென்ட்ரலில் உள்ள யூ.டி.சி. அரசுச் சேவை மையத்தில் காலையில் நுழைந்து, படம் எடுத்து, பணம் கட்டி, எண் அழைக்கும்வரை உட்கார்ந்திருந்து, மைகார்டு அடையாள அட்டையோடு பெருவிரலை வைத்துப் புதுச் சிவப்புப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பிவிடலாம். வேறு எந்தப் படியையும் நம்மால் விரைவுபடுத்த முடியாது. இந்த ஒன்று மட்டுமே முழுக்க நம் கையில் இருக்கிறது. பயணச்சீட்டைப் பழைய எண்ணில் எடுத்திருந்தால் அதை விமான நிறுவனத்தில் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதால், பயணத்துக்கு முந்திய வாரத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

கடப்பிதழ் மாறினால் ஓ.சி.ஐ. அட்டையையும் கவனிக்க வேண்டும், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இருபது வயதுக்கு மேல், ஐம்பதுக்குள் உள்ளவர்கள் ஒவ்வொரு முறையும் புது அட்டை எடுக்கத் தேவையில்லை. ஐம்பது வயது நிறைந்த பிறகு எடுக்கும் முதல் கடப்பிதழுக்கு மட்டும், அதன் நகலையும் புதிய படத்தையும் ஓ.சி.ஐ. இணையத்தளத்தில் மூன்று மாதத்துக்குள் ஏற்ற வேண்டும். வாழ்க்கைத் துணையின் வழியாக அட்டை பெற்றவர்கள் ஒவ்வொரு புதுக் கடப்பிதழுக்கும் அதைச் செய்ய வேண்டும். ஆகவே முதலில் கடப்பிதழ், அடுத்து ஓ.சி.ஐ. பதிவேற்றம், அதன் பிறகே நம்பகப் பயணி விண்ணப்பம் என்ற வரிசையைக் கைவிடாதீர்கள்.

புதிதாக விண்ணப்பிப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நம் பெயர்களில் ‘மகன்’, ‘மகள்’ என்ற பொருளில் வரும் ஏ/எல், ஏ/பி என்பதன் சாய்கோட்டைப் பல இணையப் படிவங்கள் ஏற்பதில்லை. கடப்பிதழில் ஒருவிதமாகவும், ஓ.சி.ஐ. அட்டையில் வேறுவிதமாகவும், அப்பாவின் பெயர் சில இடங்களில் குடும்பப் பெயராகவும் ஏறியிருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் படிவத்தை நிரப்ப இது நல்ல வாய்ப்பு.

எந்த வழியில் போனாலும் கைரேகையையும் முகப்படத்தையும் இந்தியாவில்தான் கொடுக்க வேண்டும்; திட்டம் நடப்பில் உள்ள விமான நிலையத்திலோ, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலோ கொடுக்கலாம். சென்னையில் அந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. எனக்கு நேரடி அனுபவம் விமான நிலைய முகப்பில் மட்டுமே என்பதால், அலுவலகத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் சொல்வது பொருத்தமல்ல. வயதான அம்மா அப்பாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: தோட்டத்திலும் சமையலறையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை எளிதில் பதியாது. விரலைத் துடைத்து, சற்று ஈரமாக்கி, கண்ணாடியில் அழுத்தாமல் தட்டையாக வைத்தால் பதிவதைப் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்க நிரந்தர வசிப்புரிமை பெற்று, அந்நாட்டின் இதேபோன்ற திட்டமான குளோபல் என்ட்ரிக்கான விண்ணப்பம் நிலுவையில் நிற்க, இங்கே குடும்பத்தைப் பார்க்க வந்திருப்பவர்கள் இந்த வாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே கட்டணம் 120 டாலர், திரும்பக் கிடைக்காது. கடப்பிதழ் மாறினால் கணக்கில் எண்ணைப் புதுப்பித்துக்கொண்டாலே போதும். அவர்கள் காத்திருப்பதே சரி. நிபந்தனை ஒப்புதல் வந்துவிட்டால், தனியாக நேர்காணல் நாள் தேடாமல், அமெரிக்காவில் தரையிறங்கும் நிலையத்திலேயே வருகை நேரத்து நேர்காணலை முடித்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

திருச்சிக்கும் சென்னைக்கும் போகும் நமக்கு எத்தனை ஆண்டு மிச்சம் என்பது வரம்பு என்று கேட்டால், கடப்பிதழில் மூன்றாண்டுக்கு மேல் இருந்தால் காத்திருங்கள். இரண்டாண்டுக்குக் குறைந்தால் புதுப்பித்துவிட்டு மீண்டும் விண்ணப்பியுங்கள் என்பேன். இடைப்பட்டவர்கள் ஆண்டுக்கு எத்தனை முறை போகிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் போகிறவர்கள், தற்போதைய கடப்பிதழ் முடியும்வரை வழக்கமான முகப்பிலேயே போய்வந்தாலும் பெரிய நட்டமில்லை.