சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனா? மயக்க மருந்து பில்லைக் கவனியுங்கள்

அமெரிக்காவின் சின்ன ஊர்களில் இருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆபரேஷனுக்குத் தேதி குறித்த பிறகு, "அனஸ்தீசியாவுக்கு முன்பணம் கட்டுங்கள்" என்று வெளிமாநில எண்ணிலிருந்து யாராவது கூப்பிட்டால் கார்டு எண்ணைச் சொல்லாதீர்கள். எங்களிடம் 600 டாலர் வாங்கினார்கள். கட்டாவிட்டால் மறுநாள் காலை ஆபரேஷன் நடக்காது என்று மிரட்டித்தான் வாங்கினார்கள்.

நாங்கள் இருப்பது நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதியில். என் கணவருக்கு ஹெர்னியா. உள்ளூரில் இருப்பது 'கிரிட்டிகல் ஆக்சஸ்' வகை ஆஸ்பத்திரி. 1997-ல் வந்த சட்டத்தின்படி அமைந்தவை இவை. அதிகபட்சம் 25 படுக்கைகள்தான். இந்த மாதிரி இடங்களில் மயக்க மருந்து டாக்டர் பெரும்பாலும் இருக்க மாட்டார். சி.ஆர்.என்.ஏ. எனப்படும் அனஸ்தீசியா நர்ஸ்தான் மயக்கம் கொடுப்பார். வாரத்தில் ஒரு நாள் இந்த ஊர், இன்னொரு நாள் அடுத்த ஊர் என்று காரிலேயே சுற்றி வருபவர்களும் உண்டு.

நர்ஸ்தானா என்று பயப்பட வேண்டாம். ஐ.சி.யூ.வில் வேலை பார்த்த அனுபவத்தோடு மேற்படிப்பும் முடித்துத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள். டாக்டர் மேற்பார்வை கட்டாயம் என்ற மெடிகேர் (பெரும்பாலும் முதியோருக்கான அரசு இன்சூரன்ஸ்) விதியிலிருந்து விலகிக்கொள்ள மாநிலங்களுக்கு 2001-ல் வழி பிறந்தது. முதலில் விலகியது அயோவா. 2002-ல் நெப்ராஸ்காவும் விலகியது. எங்களுக்கு வந்த அம்மாள் தங்கமானவர். என் கணவருக்கு உயர் ரத்த அழுத்தம் உண்டு. எந்தெந்த மாத்திரை, கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். ஆபரேஷன் முடிந்தும் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வம்பெல்லாம் அவருக்காக பில் போடும் கம்பெனியிடம்தான்.

ஆஸ்பத்திரி எங்கள் இன்சூரன்ஸ் நெட்வொர்க்கில், அதாவது இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் போட்டவர்கள் பட்டியலில், இருக்கிறது, சர்ஜனும் இருக்கிறார். மயக்க மருந்து கம்பெனி மட்டும் இல்லை. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆபரேஷன் அன்று விடியற்காலையில், கையெழுத்துக்காக நீட்டிய காகிதக் கட்டுக்குள் ஒரு தாளாக அது இருந்தது: 'நெட்வொர்க்கில் இல்லாதவரிடம் சிகிச்சை பெறச் சம்மதிக்கிறேன், மிச்சத் தொகையை நானே கட்டுவேன்.' ஊசி ஏற்றிப் படுத்திருப்பவர் என்ன செய்வார்? கையெழுத்துப் போட்டார்.

பிறகு பில் வந்தது. மயக்க மருந்துக் கணக்கு எப்படி என்றால், ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் இத்தனை அடிப்படை யூனிட் என்று உண்டு. இந்த ஹெர்னியாவுக்கு 4. அதோடு 15 நிமிடத்துக்கு ஒரு யூனிட். 75 நிமிடம் ஆனதால் 5. ஆக 9 யூனிட். ஒரு யூனிட்டுக்கு இவர்கள் போட்ட விலை 150 டாலர், மொத்தம் 1,350. மெடிகேர் இதே யூனிட்டுக்குத் தருவது ஏறக்குறைய 20 டாலர்தான் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன், வயிறு எரிவதற்காக.

அதுவாவது போகட்டும். அதற்குக் கீழே இன்னொரு 1,350 இருந்தது, ஒரு டாக்டர் பெயரில். நர்ஸுக்கு நேராக க்யூ.எக்ஸ்., டாக்டருக்கு நேராக க்யூ.கே. என்ற குறியீடுகள். டாக்டர் வழிநடத்தலில் நர்ஸ் மயக்கம் கொடுத்தார், அதே நேரம் அந்த டாக்டர் வேறு அறைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். வேறு அறைகளா? அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரே ஒன்றுதான்! நர்ஸ் தனியாகச் செய்தால் போட வேண்டிய குறியீடு க்யூ.இசட். மெடிகேர் விதிப்படி, வழிநடத்தியதாக பில் போடும் டாக்டர் முன்கூட்டி நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும், மயக்கம் கொடுக்கும்போதும் தெளியும்போதும் தானே பங்கேற்க வேண்டும், இடையிலும் அருகிலேயே இருக்க வேண்டும். நாங்கள் அப்படி ஒருவரைப் பார்க்கவே இல்லை.

இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்தது, நம் பங்கு எவ்வளவு என்று காட்டி அவர்கள் அனுப்பும் இ.ஓ.பி. என்ற தாளில் எங்கள் பங்கு 310 டாலர் என்று தெளிவாக இருந்தது. இன்சூரன்ஸ் 620 கொடுத்திருந்தது. கம்பெனியோ மொத்தம் 2,700-ல் அதையும் எங்கள் 600-ஐயும் கழித்துக்கொண்டு, பாக்கி 1,480 கட்டு, இல்லையென்றால் கலெக்‌ஷனுக்கு, அதாவது கடன் வசூலிப்பவர்களிடம், போகும் என்றது. போன் எடுத்த பெண்ணுக்கு ஒரே பல்லவி: "நீங்கள்தான் கையெழுத்துப் போட்டீர்களே."

அந்தக் கையெழுத்து செல்லாது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் 'நோ சர்ப்ரைசஸ்' சட்டப்படி, நெட்வொர்க்கில் உள்ள ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்தவர் நெட்வொர்க்குக்கு வெளியே இருந்தாலும், உங்களிடம் நெட்வொர்க் பங்கைத்தான் வாங்கலாம். டாக்டர் கொடுத்தாலும் நர்ஸ் கொடுத்தாலும் இதேதான். வேறு சில சிகிச்சைகளில் நோயாளி எழுதிக் கொடுத்து இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியும். மயக்க மருந்தில் அப்படி விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பதற்கே சட்டத்தில் இடமில்லை. பில் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்ப மாட்டேன்.

நான் செய்தது இதுதான். ஆஸ்பத்திரி மருத்துவப் பதிவுப் பிரிவில் அனஸ்தீசியா ரெக்கார்டு கேட்டு வாங்கினேன். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கொடுத்த மருந்துகள், கையெழுத்து எல்லாம் அதில் இருக்கும். டாக்டர் கையெழுத்து எங்குமே இல்லை. அதன் நகலோடு இன்சூரன்ஸுக்கு எழுதினேன். மத்திய அரசின் உதவி எண் 1-800-985-3059-ல் புகாரும் கொடுத்தேன். போனில் சண்டை போட்டு ஒன்றும் நடக்கவில்லை; எழுத்தில் போனதும்தான் அசைந்தார்கள். டாக்டர் பெயரிலிருந்த 1,350 பில்லிலிருந்து காணாமல் போனது, 'கணினிப் பிழை'யாம். எங்கள் பங்கு 310-லேயே நின்றது; தனியாகச் செய்த நர்ஸுக்கு இன்சூரன்ஸ் முழுத் தொகை தருவதால் அது குறையவில்லை. ஆனால் 1,480 பாக்கி ரத்தானது. அதிகமாக வாங்கிய 290 மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. செக் தபாலில் இருக்கிறது என்கிறார்கள். விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், தருவது அவர்கள் கடமை. ஆனால் ஆஸ்பத்திரி தரும் தாளில் மயக்க மருந்துச் செலவு விடுபட்டிருக்கலாம். அதனால் அந்தக் கம்பெனியிடம் தனியாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில் அந்த மதிப்பீட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடினால், பில் வந்த 120 நாளுக்குள் அரசின் தகராறு தீர்க்கும் முறையில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் 25 டாலர்.